பால் காய்ச்சிய வீட்டில் தாழ்ப்பாள் இல்லை

எனக்குக் கோபம் வந்தால் பட்டியல் போடுவேன். இதுவும் அப்படித் தொடங்கியதுதான்.

எலக்ட்ரானிக்ஸ் படித்தவள் நான். பழுதான சர்க்யூட் போர்டில் எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. அப்படிப்பட்ட நான், என் வயிற்றில் என்ன பழுது என்று தெரியாமல் நான்கு வருடம் திரிந்தேன். உப்புசம், இரைச்சல், வேலைக்குப் போகும் பேருந்து ஆலங்குடியைத் தாண்டுவதற்குள் குப்பென்று வியர்வை. சாப்பிட்டதையெல்லாம் நோட்டில் எழுதி, ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். கத்தரிக்காய், கடலை, முந்திரி, பரோட்டா (பரோட்டா தின்னாத அந்த எட்டு மாதத்தை யார் திருப்பித் தருவார்கள்?). பாலை மட்டும் எழுதவே இல்லை. அது மருந்தாயிற்றே! வயிறு வலித்தால் அம்மா ஒரு டம்ளர் பால் ஆற்றித் தருவார். குடிப்பேன். வலி கூடும். இன்னொரு டம்ளர் வரும்.

கோயம்புத்தூருக்குப் பத்து நாள் பயிற்சிக்குப் போனேன். விடுதியில் கடுங்காப்பிதான். பத்து நாளும் வயிறு சமர்த்தாக இருந்தது. திரும்பி வந்து டாக்டரிடம் போனேன். பாலில் இருக்கும் சர்க்கரை எனக்குச் செரிக்கவில்லை என்று எழுதியே கொடுத்தார்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, அந்தச் சீட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"பாலு ஒத்துக்காதாமில்ல! அப்ப கள்ளு குடிச்சா வளந்த?"

அடுத்த மாதம் திருக்கோகர்ணத்தில் அண்ணனின் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினோம். கூடப்பிறந்தவள் காய்ச்சி, அவளே முதலில் குடிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். காய்ச்சினேன். அத்தை டம்ளரை நீட்டினார்.

"அத்தை, டாக்டர் வேணாம்னுருக்காரு."

"டாக்டரா வீடு கட்டுனாரு? ஒங்கண்ணன் கட்டுனான். குடிக்கலேன்னா பொறாமைன்னு பேசுவாங்க."

அம்மா காதோரம், "ஒரே மடக்கு ஆத்தா. ஒம் மதினி வீட்டு ஆளுங்க பாக்குறாங்க" என்றார்.

அண்ணனைப் பார்த்தேன். டாக்டர் சீட்டைப் படித்தவன் அவன். இப்போது மின்விசிறியைப் படித்துக்கொண்டிருந்தான்.

வந்ததே கோபம்! முழு டம்ளரையும் ஒரே மூச்சில் குடித்தேன். "மணி ஏழு இருபது. எட்டரைக்குள்ள தெரியும்" என்று அறிவித்தேன். (பெரிய விஞ்ஞானி!)

ஏழு ஐம்பதுக்கே தெரிந்துவிட்டது. ஓடினேன். புத்தம் புதுக் கழிப்பறையில் எல்லாம் பளபளத்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. குழாயில் தண்ணீர் இல்லை.

"அத்தை!"

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, அத்தையே வாளியோடு ஓடி வந்தார். கொடுத்துவிட்டு, வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொண்டார். முக்கால் மணி நேரம். மதினியின் அம்மா வீட்டைச் சுற்றிப் பார்க்க வரும் சத்தம் கேட்டது.

"அங்கிட்டுப் போங்க சம்பந்தி. உள்ள வேலை நடக்குது."

"நல்ல நாள்ல என்ன வேலைங்க?"

"குழாய் வேலை."

"அத்தை, இன்னொரு வாளி!" என்றேன் உள்ளேயிருந்து.

இப்போது எந்த விசேஷத்துக்குப் போனாலும், காப்பித் தட்டு என் பக்கம் திரும்பும் முன் அத்தை குரல் கொடுத்துவிடுவார்: "அவளுக்குப் பாலு குடுத்தா, கதவ நீங்கதான் புடிக்கணும்!" கூடமே சிரிக்கும்.

எனக்கு இன்னும் முழுதாகச் சிரிப்பு வரவில்லை. நான்கு வருடம் என் வயிறு சொன்னதை யாரும் நம்பவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்ததையும் நம்பவில்லை. அத்தைக்குக் கை வலித்தது, அன்றைக்கே நம்பிவிட்டார்கள்.