மலை உச்சியில் மச்சான்

போடிநாயக்கனூர்,
ஞாயிறு.

மதிப்பிற்குரிய மூத்த மச்சான் அழகுமலை அவர்களுக்கு, தங்கள் தங்கை ரேணுகாவின் கணவன் ஈஸ்வரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், மகள் ரோஜா, அவள் காதுகுத்துக்காக வாசலில் கட்டியிருக்கும் கிடா மூவரும் நலம். ரேணுகா நலமா என்று தெரியவில்லை. நீங்கள் பாதிச் சோற்றில் கையை உதறிவிட்டுப் போனதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை.

நடந்தது இதுதான். கல்லூரியில் படித்தபோது, கம்ப்யூட்டரில் படம் வரைய ரூபி என்ற மொழியில் ஒரு புராஜெக்ட் எழுதினேன். நம் ஏலமலையும் அதில் நிற்கும் ஆட்களும் திரையில் வருவார்கள். அதைப் புதுப்பித்துச் சொந்தக்காரர்கள் முகத்தை ஒட்டி, காதுகுத்து மண்டபத்தில் பெரிய திரையில் ஓட்டலாம் என்று ஆசைப்பட்டேன். புது ரூபி என் பழைய எழுத்தைப் பார்த்து வரிக்கு வரி திட்டியது, படம் காட்டிக்கொண்டிருந்த பழைய நிரலை அதைச் செய்தவர்களே கைவிட்டிருந்தார்கள், வேறொன்றைப் பிடித்துக் கட்டினால் அதற்கு மேல் கீழ்க் கணக்கு நேர்மாறு, மலை வௌவால் மாதிரித் தொங்கியது, ரேணுகா "ஏங்க, ஏலக்கா கொட்டிறப் போகுது, நிமித்துங்க" என்றாள், நிமிர்த்தினேன். அத்தோடு விட்டிருக்கலாம். பழைய படத்தில் எல்லாரும் ஒரே அளவில் நிற்பார்கள். தூரத்தில் இருப்பவன் சின்னதாகத் தெரியவேண்டாமா என்று கேட்டு அப்போதே மார்க்கைக் குறைத்திருந்தார்கள். அந்தக் குறையையும் தீர்த்துவிட்டேன். பிறகு, தாய்மாமனைவிட உயர்ந்தவர் யார் என்று மரியாதையாக உங்களை மலை உச்சியில் வைத்தேன். உச்சி தூரம். நீங்கள் ஏலக்காய் அளவுக்கு வந்துவிட்டீர்கள், அதிலும் முதல் தரம் இல்லை. அடிவாரத்தில் சும்மா இடம் நிரப்ப நிறுத்திய ஜீப் டிரைவர் உக்கிரபாண்டி மீசையோடு திரை முழுக்க நின்றார்.

ஏலக்காய் ஏலத்துக்கு வந்த இடத்தில் எங்கள் வீட்டு டிவியில் இதைப் பார்த்துவிட்டு, "மாப்ளே, வண்டி ஓட்டுறவன் தேர் கணக்கா நிக்கிறான், தாய்மாமன் எங்கப்பு?" என்று கேட்டீர்கள். நான் எழுந்து போய் விரல் வைத்துக் காட்டியது தவறு. விரல் உங்களை மறைத்துவிட்டது.

"உக்கிரபாண்டி மடியிலயே புள்ளைய வச்சுக் காது குத்திக்கங்க!" என்று கடைசி ஜீப்பில் மலையேறிவிட்டீர்கள். அந்த ஜீப்பை ஓட்டியவரும் அவரே. தமக்குச் சம்மதம் என்று மறுநாள் சொல்லி அனுப்பினார்.

ரேணுகா சுவரைப் பார்த்துச் சொல்கிறாள்: "எங்கண்ணன் மடி இல்லாட்டி எம்புள்ளைக்குக் காதுகுத்தே இல்ல. கிடாவ அவுத்து விட்டுருங்க."

மச்சான், படத்தைத் திருத்திவிட்டேன். உங்களை உச்சியிலிருந்து இறக்கி, முன்னால் நிறுத்தியாயிற்று. இப்போது மலை தெரியாது, மேகம் தெரியாது, நீங்கள் மட்டும்தான். கோபத்தை விட்டு முதல் நாளே வந்து, ரோஜாவை மடியில் வைத்து, கறிச்சோறு சாப்பிட்டு, இரண்டு நாள் தங்கித்தான் போகவேண்டும்.

உங்கள் ஏலச்செடிகளுக்கும் வீட்டில் அக்காவுக்கும் ஒரு வாட்டமும் வராமல் குலசாமி காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மடியை நம்பியிருக்கும்
ஈஸ்வரன்

பி.கு.: நீங்கள் இறங்கியதில் உச்சிக்குப் போனவர் உங்கள் தம்பி சின்ராசு. இன்று காலை வந்து படத்தைப் பார்த்தார். இட்லியை அப்படியே வைத்துவிட்டுப் போனார். அவருக்கும் இதே கடிதத்தை எழுதியிருக்கிறேன், மடி நீங்கலாக. ஆகவே தாங்கள் காது குத்தியதும் வெரசாகச் சாப்பிட்டு முதல் ஜீப்பில் மலையேறிவிடவும். அவர் பந்திக்கு வருமுன் நான் படத்தை மாற்றியாக வேண்டும்.