பல் டாக்டரின் கூரைகள்

ஒரு மழைக்காலத்தையே சோப்புப் போட்டுக் கழுவிய பாவி நான். அந்த மழைக்காலத்தைக் கையால் செய்தவர் வில்லியனூரில் என் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். உள்ளங்கை அகலக் கூரையைக் காட்டி, ஒழுகுமோ என்று பார்ப்பவனைப் பாத்திரம் தேட வைக்க உலகத்தில் அவர் ஒருவரால்தான் முடியும்.

கிளினிக்கின் பின்னறையில் மேசை முழுக்க ஒரு பொம்மை ரயில் நிலையம், சுற்றி வீடுகள், நடுவே அவருடைய கிளினிக்கும் பொம்மையாக. பல் அச்சு வார்க்கும் மாவில் நகத்தளவு ஓடுகள் செய்து இடுக்கியால் அடுக்குவார். மாத்திரை அட்டையின் தாளைச் சீப்பின் மேல் வைத்துத் தேய்த்தால் தகரக் கூரை. அதன் மேல் ஆணிகளை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துச் சுரண்டிய அசல் துரு.

பல் பிடுங்கும்போதும் அதே நினைப்புதான்.

"வாய மூடாத. உன் வூட்டு ஓட்டுல பாசி எந்தப் பக்கம்பா?"

"ஆ... ஆ..."

"வடக்கா? அதான் நெனச்சேன்."

ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரான என்னிடமும் விளக்குவார். நான் தலையாட்டிக்கொண்டே பேப்பர் படிப்பேன்.

புதுச்சேரியில் பொம்மை ரயில் கண்காட்சிக்கு வாழ்நாளில் முதல்முறையாக அவரை அழைத்திருந்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு ஆயுத பூஜை. பாகூரில் ஒரு சாவு என்று கிளம்பியவர் சாவியைக் கொடுத்தார்.

"கிளினிக்கத் தொடச்சி பொட்டு வெச்சிடுங்க சார்."

ஆயுத பூஜையென்றால் நாங்கள் சுத்தியலைக்கூடக் குளிப்பாட்டுகிறவர்கள். பின்னறையில் கூரையெல்லாம் ஒரே அழுக்கு. பாவம், மனிதருக்கு நேரமில்லை என்று பிரஷ்ஷும் சோப்புமாக உட்கார்ந்தேன். துரு போயிற்று, பாசி போயிற்று, காக்கை எச்சமும் போயிற்று. எல்லாக் கூரைக்கும் சந்தனம், குங்குமம்.

திரும்பி வந்தவர் நோயாளி நாற்காலியில் தானே சாய்ந்தார். வாய் திறந்தது, மூடவில்லை.

"இன்னா சார் பண்ணிட்டீங்க..."

மன்னிப்புக் கேட்டு, நானும் ஒரு கூரையைப் பழசாக்குகிறேன் என்று கெஞ்சினேன். ஒரு வீட்டை என் பக்கம் தள்ளினார். அடுப்புக்கரியும் டீத்தூளுமாய் அப்பினேன். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.

"சாரலு ஒரு பக்கமாத்தான் அடிக்கும். நீங்க நாலு பக்கமும் அடிச்சிருக்கீங்க. புயலா?"

"ஆமாம் டாக்டர்."

மற்றதையெல்லாம் தூங்காமல் அவரே மீட்டார். என்னுடையதைத் தொட நேரமில்லை. கண்காட்சியில் ஜனங்கள் மூச்சடக்கி நின்றார்கள். ஒருவர் மட்டும் அந்த வீட்டைக் காட்டி, "இது ஏன் இப்படிக் கருகியிருக்கு?" என்றார். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"அது ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வூடு," என்றார் டாக்டர். "சமையல் கத்துக்கிறாரு."

ஊர் திரும்பியதும் அதைக் குப்பையில் போடுவார் என்று நினைத்தேன். மேசையில் தன் கிளினிக்கை ஒட்டி, சுவரோடு சுவராக வைத்திருக்கிறார்.