நான் வெட்டிய நாடு

நான் ஒரு நாட்டையே வெட்டியிருக்கிறேன். படையெடுத்துப் போய் அல்ல, சிவப்புப் பேனாவால்.

தொண்ணூறுகளின் கடைசியில் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மலையாளி ஆடிட்டரின் அலுவலகத்தில் எனக்கு முதல் வேலை. (பி.காம். முடித்த கையோடு, நாட்டின் பொருளாதாரமே என் தலையில் நிற்பதாக நினைப்பு.) அப்பா பஹ்ரைனில் ஏசி மெக்கானிக். அவர் கடைசியாக ஊருக்கு வந்து நாலு வருஷமாகியிருந்தது. அவர் விட்டுப்போன செருப்பை அம்மா வாராவாரம் துடைத்து வைப்பாள். அதைப் பார்த்தாலே எனக்கு அழுகை வரும்.

காதர் முதலாளி எங்கள் அலுவலகத்தின் வாடிக்கையாளர். பஹ்ரைனில் இருந்த தன் மசாலாக் கம்பெனியின் பணத்தைப் போட்டு ஸ்பெயினில் ஹோட்டல் தொடங்கப் போனார். வெளிநாட்டு முதலீடு ஸ்பெயினுக்கும் வேண்டும்தான். ஆனால் வரியே இல்லாத, குறைந்த வரியுள்ள நாடுகளுக்குத் தனியாக ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். அங்கிருந்து பணம் வந்தால் முன்கூட்டியே அறிவித்து, யாருடைய பணம் என்று சொல்ல வேண்டும். இப்படி ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பட்டியல் உண்டு. ஒருவருக்குக் கெட்ட பிள்ளை இன்னொருவருக்கு நல்ல பிள்ளை.

ஆடிட்டர் சார் ஸ்பெயினின் பட்டியலைத் தட்டச்சு செய்யத் தந்தார். மேலே ‘சந்தேகத்துக்குரிய நாடுகள்’ என்று அவரே எழுதியிருந்தார். முதல் சில வரிகளிலேயே பஹ்ரைன்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அரை வயிறு சாப்பிட்டு எங்களுக்கு அனுப்புகிற மனிதரைத் திருடன் என்று சொன்ன மாதிரி இருந்தது. ஒரே கோடு. பஹ்ரைன் இல்லாத பட்டியலைச் சுத்தமாகத் தட்டச்சு செய்து நீட்டினேன். சாரும் நம்பிக் கையெழுத்துப் போட்டார். (பாவம்.)

பணம் முன்னறிவிப்பு இல்லாமல் போனது. ஸ்பெயினில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். திறப்புவிழா அழைப்பிதழ்களை அச்சடித்திருந்த முதலாளி, அவற்றில் ஒன்றோடு நேரே வந்து இறங்கினார்.

“லிஸ்ட்ல பஹ்ரைன் எவிடே, குட்டீ?” என்றார் சார்.

“வெட்டிட்டேன் சார்.”

“வெட்டியோ! எந்தினு?”

“எங்க அப்பா அங்கதான் சார் இருக்காவ.”

சொல்லிவிட்டு விம்மினேன். முதலாளி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அப்பாவின் பெயரையும் கம்பெனியையும் கேட்டு அழைப்பிதழின் பின்னால் குறித்துக்கொண்டார். அப்பாவின் வேலைக்கு நானே உலை வைத்துவிட்டேன் என்று ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

பிறகு பக்கத்து வீட்டுக்கு போன் வந்தது. அப்பா! முதலாளி தேடிப்போய்ப் பார்த்து எல்லாம் சொல்லியிருந்தார். ஐ.எஸ்.டி. காசு ஓட ஓட அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாகியிருந்தது!

“திருத்திக் குடுத்தியா மக்ளே?”

“குடுத்தேன்.”

“இங்க வரி இல்லாததுனாலதான் நாலு காசு மிஞ்சுது. அதுக்குத்தானே இங்க கெடக்கேன்.”

“அப்ப வரி போடச் சொல்லுங்கப்பா. நீங்க வந்துருவியல்லா?”

“போனை அம்மாட்ட குடு மக்ளே” என்றார்.

ஹோட்டல் தாமதமாகத் திறந்தது. அப்பா அதைவிடத் தாமதமாக, நரைத்த தலையோடு வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து வீட்டில் யார் வெளியூர் கிளம்பினாலும், “அவகிட்ட சொல்லாதீங்க, ஊரை வெட்டிருவா” என்பதுதான் பேச்சு.

போன மாதம் என் மகன் துபாய் வேலைக்குக் கிளம்பினான். விமான நிலைய வாசலில் அப்பா கேட்டார்: “துபாயும் அந்த லிஸ்ட்ல உண்டுல்லா? பேனா இருக்கா மக்ளே?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். மகன் உள்ளே போய் மறைந்ததும் கைப்பையைத் திறந்து பார்த்தேன். இருந்தது.