திருவேங்கடம் நீட்டித்த கெராவ்

கெராவ் என்ற சொல் காதில் விழுந்தாலே கல்கத்தா மானேஜர்கள் பின்வாசலைத் தேடி ஓடிய காலம் அது. அந்த எழுபத்திரண்டாம் வருஷத்தில் நாற்பது பேர் தன்னைச் சுற்றி வளைத்து, வெளியே விடாமல் உட்கார்ந்து, கடைசியில் அவர்களே அலுத்துப்போய் எழுந்தபோது, "இன்னும் அரை மணி இருங்களேன்" என்று கெராவை நீட்டித்த ஒரே மானேஜர் தான்தான் என்பார் திருவேங்கடம். அதைப் பார்த்து ஹவுரா பாலம் எழுந்து நின்று கைதட்டியது என்றும் சேர்த்துக்கொள்வார்.

"கதை!" என்பாள் மனைவி வசுமதி. கேட்பவர்கள் அவள் பக்கம்தான் சாய்வார்கள்.

மின்விசிறிக் கம்பெனியின் கல்கத்தா கிளைக்கு அவர் வந்து அப்போது ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில் ஆபீஸில் அவர் வாயைத் திறந்தது கொட்டாவிக்கு மட்டும்தான். அப்படியொரு கூச்சம். எல்லாம் மெமோ. டீக்கு ஒரு மெமோ. டீயில் சர்க்கரை குறைந்தால் மூன்று பிரதி. ஊழியர்களும் பதிலுக்கு மெமோவே எழுதினார்கள். விசிறிகள் கிடங்கில் தூசி குடித்துக்கொண்டிருந்தன.

"மாதக் கடைசிக்குள் நிலைமை சீராகாவிட்டால் கிளைக்குப் பூட்டு" என்று தலைமை ஆபீஸ் எழுதிவிட்டது. நாற்பது குடும்பங்களின் சோறு.

பதறிப்போன திருவேங்கடம், "இனி எல்லோரிடமும் நேரில் பேசப் போகிறேன்" என்று ஒரு மெமோ போட்டார்.

டைப்பிஸ்ட் நாகலட்சுமி ஓடி வந்தாள். "ஸார், யார் மேல விசாரணைன்னு கேக்கறாங்க!"

"ஐயோ, சும்மா க்ஷேமலாபம் கேக்கத்தாம்மா."

யூனியன் செயலாளர் ஹரிபதோ பாபுவை அழைத்து, வேர்க்க விறுவிறுக்க, "உங்களுக்கு எத்தனை குழந்தைகள்?" என்று கேட்டார். ஐந்தே நிமிஷத்தில், ஆட்குறைப்புப் பட்டியல் தயாராகிறது என்ற சேதி கிடங்கைத் தாண்டிக் கிடர்பூர் வரை போய்விட்டது.

பேச்சே வேண்டாம் என்று மறுநாள் எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்தார்.

"ஸார், நீங்க சிரிச்சீங்களாமே?" என்றாள் நாகலட்சுமி.

"ஆமாம்மா."

"ஏன் ஸார் அப்படிப் பண்ணீங்க? போன மானேஜர், கதவை இழுத்துப் பூட்டின லாக்-அவுட்டுக்கு முந்தின நாள்தான் சிரிச்சாராம்!"

அன்று சாயங்காலம் வீட்டில் உடைந்துபோனார். "என்னால ஆகலை வசு. எனக்குப் பேசத் தெரியலை."

"மோர்க்குழம்பு ஆறிப்போறது, சாப்பிடுங்கோ" என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு அவர் அறைக் கதவு திறந்தது. நாற்பது பேர். கோஷம் இல்லை, கொடி இல்லை. வாசலை அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"கெராவ், ஸார்" என்றார் ஹரிபதோ. "நீங்க பேசற வரைக்கும் விடமாட்டோம்."

திருவேங்கடம் மெமோ தாளைத் தேடினார். மேஜை ஓரத்தில் அதன்மேல்தான் ஹரிபதோ மட்டும் ஏறி உட்கார்ந்திருந்தார்.

வேறு வழி? "எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

"எங்ககிட்டயா?"

"உங்ககிட்டயும்தான். அதைவிட, கிளையை மூடிடுவாங்களோன்னு." தலைமை ஆபீஸ் கடிதத்தைப் படித்துக் காட்டினார்.

கிடங்குக்காரர் எழுந்தார். "இதை முன்னாடியே சொல்லக்கூடாதா ஸார்? ஒரு விசிறி வெளியே போக உங்க ஏழு கையெழுத்து. வாங்கி முடிக்கறதுக்குள்ள குளிர்காலம் வந்துடுது. அப்போ விசிறியை வாங்கி எவன் போத்திப்பான்?"

நாற்பது பேரும் சிரித்தார்கள். திருவேங்கடமும் சிரித்தார், இந்தத் தடவை யாரும் பயப்படவில்லை. ஏழு கையெழுத்து அங்கேயே ஒன்றாயிற்று. பிறகு பேச்சு எங்கெங்கோ போயிற்று: ஹரிபதோ மகளின் சங்கீதம், கால்பந்து, கடுகு எண்ணெயா நல்லெண்ணெயா. ஆறு மணிக்கு அவர்கள் எழுந்தபோதுதான் அவர் அந்த அரை மணியைக் கேட்டார்.

மாதக் கடைசியில் கிடங்கு காலி. கிளை பிழைத்தது.

பத்து வருஷம் கழித்து அவர் ஓய்வு பெற்ற அன்று, ஹரிபதோவே மாலை போட்டுவிட்டுச் சபையில் இந்தக் கதையைச் சொன்னார். பாலம் கைதட்டியதைத் தவிர அத்தனையும் சத்தியம் என்றார்.

திருவேங்கடம் வெற்றியோடு வசுமதி பக்கம் திரும்பினார். "இப்பவாவது ஒத்துக்கறியா?"

"நடந்தது நிஜம்தான், எல்லாம் உங்க சாமர்த்தியம்ங்கறதுதான் கதை" என்றாள் வசுமதி, மாலையைச் சரிசெய்தபடி. "கெராவுக்கு முந்தின நாள் கரியாஹாட் மார்க்கெட்ல ஹரிபதோ பாபுவைப் பிடிச்சு, 'வாசலை அடைச்சுண்டு உக்காருங்கோ, பேச ஆரம்பிச்சுட்டார்னா மனுஷர் தங்கம்'னு சொல்லி அனுப்பினதே நான்தானே!"