கம்பத்தில் பட்டால் ஒரு புள்ளி

களிமண்ணைப் பற்றி மேலும் அறிந்துகொள்ளும் உயரிய நோக்கத்தோடு, வட்டாரச் சுடுமண் மற்றும் பீங்கான் மேம்பாட்டு வாரியத்தின் மேலாளர் திரு. பிரேம்நாத் அவர்கள் 1991ஆம் ஆண்டு ஆஸ்திரேலியா சென்றுவந்தார். விருத்தாசலத்தில் களிமண்ணுக்குப் பஞ்சம் கிடையாது. ஆனால் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு அதைப் பற்றி அறிந்துகொள்ள முடியாது என்று மேலிடம் கருதியது. போனவர் வந்தார். மண்ணைப் பற்றிக் கேட்டவர்களிடம், "அங்கேயும் மண்ணுதான்" என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு பந்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

பந்து பலாப்பிஞ்சு மாதிரி இருபுறமும் கூம்பி இருந்தது. பெட்டியைத் தூக்கிவந்த இளவழகன் அதைக் கவலையோடு பார்த்தான். அவன் சூளைப் பிரிவில் தினக்கூலி.

"பிளேன்ல நசுங்கிப் போச்சுங்களா சார்?"

"நசுங்கலைப்பா. இதோட ஷேப்பே இதான். ஆஸ்திரேலியன் ஃபுட்பால். கையால பிடிக்கலாம், ஓடலாம், குத்தலாம், உதைக்கலாம்."

"எது செய்யக் கூடாதுங்க?"

பிரேம்நாத் யோசித்தார். "அதுக்கு நாம ஒரு கமிட்டி போடணும்."

அந்த வாரமே ஆணை வந்தது. வாரியத்துக்கு ஓர் அணி அமைக்கப்படும். அணியில் ஆடுவோருக்கு வியாழக்கிழமை அரைநாள் விடுப்பு. தற்காலிக ஊழியர் எவராவது ஒரே ஒரு போட்டியில் இறங்கி ஆடினாலும் அவர் பணி நிரந்தரம் செய்யப்படுவார். கடைசி வரியை இளவழகன் திரும்பத் திரும்பப் படித்தான். காரணம் இருந்தது. கிண்ணங்களுக்குப் பூ வரையும் பிரிவில் அம்சவல்லி என்றொரு பெண் இருந்தாள். அவளும் சம்மதம், அவனும் சம்மதம். வாரியத்திலேயே வேலை பார்க்கும் அவள் அப்பா ஜம்புலிங்கம் மட்டும், "மொதல்ல பர்மனெண்ட் ஆயிட்டு வா தம்பி, அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லியிருந்தார்.

அணிக்குப் பதினெட்டுப் பேர் வேண்டும். அரைநாள் விடுப்பு என்றதும் நிரந்தர ஊழியர்களிடையே அடக்கிவைத்திருந்த விளையாட்டு ஆர்வம் பொங்கியது. பணி மூப்புப்படி பதினெட்டு இடமும் நிரம்பின. மூப்பில் முதல்வர் என்பதால் கோல் போட வேண்டிய முன்கள இடம் ஜம்புலிங்கத்துக்குப் போயிற்று. மிச்சமிருந்தது மாற்று ஆட்டக்காரர் என்ற ஒரு நாற்காலி. அதில் இளவழகன் உட்கார்ந்தான். அதாவது அவன் அம்சவல்லியைக் கட்ட வேண்டுமானால் மாமனாரைக் கவிழ்க்க வேண்டும். மாமனாரைக் கவிழ்த்தால் பெண் கிடைக்குமா என்பது வேறு விஷயம்.

விதிகளை பிரேம்நாத் கரும்பலகையில் விளக்கினார். மைதானத்தின் ஒவ்வொரு கோடியிலும் நான்கு கம்பங்கள். நடுவிலுள்ள இரண்டு கம்பங்களுக்கிடையே பந்து போனால் ஆறு புள்ளி. அந்த நடுக்கம்பத்தில் பட்டாலோ, அதைத் தாண்டிப் பக்கத்துச் சந்தில் போனாலோ ஒரு புள்ளி.

கண்காணிப்பாளர் சுப்புராயன் எழுந்தார். அணித் தேர்வுக் குழுவின் உறுப்பினர் செயலாளர் அவர்தான். கை கூப்பியபடி கேட்டார்.

"சார், குறி தப்பினாலும் மார்க்குங்களா?"

"ஆமா. ஒண்ணு."

"வெள்ளைக்காரன் எப்படியெல்லாம் யோசிச்சிருக்கான் பாத்தீங்களா!"

அரசு அலுவலகங்களை மனத்தில் வைத்தே இந்த ஆட்டத்தை உண்டாக்கியிருக்கிறார்கள் என்று அன்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

கம்பத்துக்கு எங்கே போவது? இங்கே வாரியத்தின் ஒரு பழைய துக்கத்தைச் சொல்ல வேண்டும். வாரியம் பீங்கானில் சாக்கடைக் குழாய் செய்தது. வாங்க ஆளில்லாமல் கிடங்கு நிரம்பி வழிந்தது. மதிலுக்கு மறுபுறம் வாரியத்தின் ஊழியர் குடியிருப்பு. அங்கே குழாயில்லாமல் சாக்கடை வழிந்தது. இந்தக் குழாயை அந்தச் சாக்கடைக்குப் போடலாமே என்று கேட்ட மனு, வாரியம் தன் பொருளைத் தனக்கே விற்றுக்கொள்ளலாமா என்ற சட்டச் சிக்கலில் மாட்டிச் சென்னையில் உட்கார்ந்திருந்தது. விளையாட்டுக்குக் கொடுக்கச் சிக்கல் இல்லை. ஆகவே குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையில் மண் பூசி, கம்பங்கள் நிறுத்தப்பட்டன.

சீருடையும் வந்தது. கையில்லாத பனியன், தொடையோடு நின்றுவிடும் டவுசர். ஐம்பத்தைந்து வயது சுப்புராயன், வாரியம் கோல் போட வேண்டிய கோடியில் நடுவராக, வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்டு, கையில் இரண்டு கொடிகளோடு நின்றார். ஒரு கொடி காட்டினால் ஒரு புள்ளி, இரண்டு காட்டினால் ஆறு. ஜங்ஷன் பக்கத் தையற்கடைக்காரர் அடுத்த வாரமே "ஆஸ்திரேலியா கட்" என்று பலகை வைத்து, ஊர்ப் பையன்களின் சட்டைக் கைகளை வெட்டித் தள்ளினார். கை வெட்டத் தனிக் கூலி வாங்கினார்.

எதிரணி மங்கலம்பேட்டையிலிருந்து வந்தது. கபடி ஆடிய பையன்கள். துபாயிலிருந்து யாரோ அனுப்பிய ஒரே நிறப் பனியன். ஒரு மத்தியானம் வேடிக்கை பார்த்துவிட்டு, "இது நம்ம கபடிதாம்பா, கூட ஒரு பந்து இருக்குது, அவ்ளோதான்" என்று இறங்கிவிட்டார்கள். கோல் கோலாகப் போட்டார்கள். ஜம்புலிங்கம் அடித்ததெல்லாம் கம்பத்தில்தான் பட்டது. ஒவ்வொரு முறையும் மேல் குழாய் ஆடி, சரிந்து, படாரென்று உடைந்தது. சுப்புராயன் ஒரு கொடியை வீசினார். ஆள் போய்க் கிடங்கிலிருந்து வேறு குழாய் எடுத்துவந்து நிறுத்தினான். வாரியம் தோற்றது. அடுத்த மாதமும் தோற்றது. அதற்கடுத்த மாதமும்.

முன்கள இடத்தைப் பற்றி மறுபரிசீலனை செய்யத் தேர்வுக் குழு கூடியது. தலைவர் பிரேம்நாத், செயலாளர் சுப்புராயன். மூன்றாவது உறுப்பினர் பதவி காலியாக இருந்தது, ஆனாலும் அவருக்கு டீ வந்தது. இளவழகன் எதிரே நின்றான். இன்றைக்கு நடந்தால் தை மாதம் கல்யாணம்.

"ஏம்பா, உனக்கு மேட்ச் அனுபவம் எவ்வளவு?" என்றார் சுப்புராயன்.

"இன்னும் எறக்கியே விடலைங்களே சார்."

"அப்ப இல்ல."

"எறக்கி விட்டீங்கன்னா வந்துடும் சார்."

"வந்த பெறகு வா. பாத்துக்கலாம்."

பிரேம்நாத் குறுக்கிட்டார். "பிராக்டிஸ்ல எப்படி அடிக்கிறார்?"

"அதுல கொற சொல்லக் கூடாது சார், அடிக்கறதெல்லாம் நடுவுலதான் போவுது."

"அப்படியா? அப்போ இவர்தான் நம்ம எதிர்காலம். எதிர்காலத்தை இப்பவே செலவு பண்ணிடலாமா?"

"கூடாதுங்க சார். இன்னிக்கு வரைக்கும் இவுரு ஒரு தப்புகூடப் பண்ணல. எறக்கி விட்டு அந்தப் பேர நாமளே கெடுக்கறதா?"

"ஜம்புலிங்கம்?"

"போன மேட்ச்சுல பதினோரு தடவ அடிச்சாரு. பதினொண்ணும் தப்பு. பதினோரு புள்ளி."

"இவருக்கு?"

"சைபருங்க."

"பதினொண்ணு பெரிசா, சைபர் பெரிசா?"

இளவழகனுக்கே பதினொன்றுதான் பெரிது என்று தோன்றியது. அதுதான் அவனுக்கு அழுகையாக வந்தது.

"இன்னொண்ணு சார்," என்று சுப்புராயன் குரலைத் தாழ்த்தினார். "குழாய்ப் பிரிவ மூடறதா மெட்ராஸ்ல பேச்சு இருந்துது இல்லீங்களா? இப்ப மூடலையாம். மூணு மாசமா கிடங்குலேருந்து சரக்கு நல்லா வெளிய போவுதுன்னு பாராட்டிட்டாங்க. எல்லாம் ஜம்புலிங்கம் ஒடைச்சது. இந்தப் பையன் நடுவுல அடிச்சான்னா குழாய்க்கு என்ன வேலை?"

பிரேம்நாத் எழுந்து நின்றார். ஜம்புலிங்கத்தின் வலது கால் வாரியத்தின் தனிப்பெரும் வாடிக்கையாளர் என்பது அன்றுதான் அவருக்குப் புரிந்தது. இளவழகனுக்கு "நம்பிக்கை நட்சத்திரம்" என்ற பட்டம் வழங்கப்பட்டு, நாற்காலிக்கு ஒரு குஷன் அனுமதிக்கப்பட்டது.

நாற்காலியிலேயே ஒரு வருடம் போயிற்று. அம்சவல்லிக்கு வேப்பூரில் ஹோட்டல் வைத்திருக்கும் ஒருவரின் மகனைப் பார்ப்பதாகப் பேச்சு அடிபட்டது. சாக்கடையைத் தாண்டிக் குதித்து அவள் வேலைக்கு வரும்போது இளவழகன் மதிலோரம் நின்றான்.

"பரோட்டாக் கடைக்காரனாச்சும் பரோட்டா போடுறான்," என்றாள் அவள். "நீங்க குஷன்ல குந்திக்கினு இருக்கீங்க."

"நான் என்னா பண்றது? உங்கப்பா ஒரு தபா கோல் போட்டுட்டா அவர எடுத்துடுவாங்க. போட மாட்டேங்கறாரே."

அந்த அதிசயம் மறுமாதமே நடந்தது. ஜம்புலிங்கம் வழக்கம்போல் உதைக்கக் காலைத் தூக்கினார். அந்த நேரம் மங்கலம்பேட்டைப் பையன் ஒருவன் அவரைத் தோளால் இடித்தான். பந்து அலங்க மலங்கச் சுழன்று, இரண்டு நடுக்கம்பங்களுக்கும் சரியாக நடுவே போய் விழுந்தது. சுப்புராயன் ஒரு கொடியைத் தூக்கினார். இரண்டாவது கொடியைத் தேடினார். அவர் நின்ற கோடியில் ஒன்றரை வருடமாகத் தேவைப்படாததால் அது ஆபீஸ் மேசை துடைக்கப் போயிருந்தது. கடைசியில் கைக்குட்டையை எடுத்து வீசினார். அந்த ஆறு புள்ளியில் வாரியம் முதல்முறையாக வென்றது.

விசாரணை மறுநாளே நடந்தது. கேட்டவர் சுப்புராயன்.

"இத்தனை நாளா இருந்த ஒழுங்கு என்னா ஆச்சு ஜம்புலிங்கம்?"

"தெரியாம போயிடுச்சுங்க சார். இடிச்சுட்டாங்க."

"இன்னிக்கு நடுவுல போனது நாளைக்கும் போவாதுன்னு என்னா நிச்சயம்? குழாய்ப் பிரிவுல நாப்பது குடும்பம் இருக்குது!"

நிலைத்தன்மையை இழந்துவிட்டபடியால் ஜம்புலிங்கம் அணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். இளவழகன் கூப்பிடப்பட்டான். சுப்புராயன் அவன் தோளில் கை போட்டார்.

"உன்ன எறக்கி விடறோம். ஒரே ஒரு கண்டிஷன்."

"புரியுதுங்க சார்."

"புத்திசாலி. அனுபவம் இல்லாமலே புரியுது பாரு."

புரிந்ததே தவிர வரவில்லை. நேராக அடித்துப் பழகிய கால், எப்படித் திருப்பினாலும் பந்தை நடுவில்தான் கொண்டுபோய்ச் சேர்த்தது. போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் அவன் அம்சவல்லியிடம் போய் நின்றான். அவள் தூரிகையைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

"எங்கப்பா அந்தக் கம்பத்துல சாஞ்சிக்கினு, பர்மனெண்ட் ஆனியான்னு கேக்கறாருன்னு நெனச்சுக்கோங்க. அப்பறம் அடிங்க."

முதல் உதையிலேயே மேலிருந்த இரண்டு குழாய்கள் சேர்ந்து விழுந்தன. ஜம்புலிங்கம்கூட ஒரே உதையில் இரண்டு உடைத்ததில்லை. சுப்புராயன் கொடியை வீசிய வீச்சில் தொப்பி பறந்தது. பணி நிரந்தர ஆணையும் குடியிருப்பில் ஒரு வீடும் அதே வாரம் கிடைத்தன. ஆஸ்திரேலியா கட் பட்டுச் சட்டையில் மாப்பிள்ளை மணமேடை ஏறினான். கையில்லாத கையில்தான் ஐயர் கங்கணம் கட்டினார். "குறி தப்பறவனுக்கு வேலையில என்னா கொறை மாப்ளே" என்று ஜம்புலிங்கம் மனதார வாழ்த்தினார்.

வீட்டு வாசலில் சாக்கடை ஓடியது. முதல் மழைக்கு உள்ளேயும் வந்தது.

"டீம்ல பெரிய ஆளாச்சே நீங்க," என்றாள் அம்சவல்லி, சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு. "நாலு குழாய் கேட்டு வாங்கியாங்களேன்."

இளவழகன் சுப்புராயனிடம் போனான். சுப்புராயன் முகம் மலர்ந்தது.

"சேதி தெரியாதா? அந்தப் பழைய மனுவுக்கு மெட்ராஸ்லேருந்து சரின்னு வந்துடுச்சு. வாரியம் தனக்குத்தானே குழாய் வித்துக்கலாமாம்."

"அப்படின்னா குடுங்க சார்!"

"எங்கேருந்து குடுக்க? கிடங்கு காலியா கெடக்குது. இந்த வருஷம் செய்யற குழாய் பூரா உன் காலுக்கு ஒதுக்கியாச்சு. அதுவே பத்தாது போல இருக்குது."

இளவழகன் தன் காலைப் பார்த்தான். நல்ல கால். முட்டிவரை சேறு.

அடுத்த வியாழக்கிழமை போட்டி. குடியிருப்பே திரண்டு வந்தது. ஆண்கள் வேட்டியைத் தூக்கிக்கொண்டும் பெண்கள் சேலையைத் தூக்கிக்கொண்டும் சாக்கடையைக் கடந்து, மைதானத்தில் இறக்கிவிட்டு உட்கார்ந்தார்கள். காற்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து வீசியது. பந்து இளவழகனிடம் வந்தது. எதிரே நான்கு கம்பங்கள். எண்ணிப் பார்த்தால் அவன் வாசலுக்கும் பக்கத்து வாசலுக்கும் போதுமான குழாய் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. நடுவில் அடித்துவிட்டால் என்ன? குழாய் பிழைக்கும், அணி ஜெயிக்கும், அவன் நாற்காலிக்குப் போய்விடுவான். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவன் கால் நேராகத் திரும்பியது.

"என்னாங்க யோசனை?" என்று கூட்டத்திலிருந்து அம்சவல்லியின் குரல் கேட்டது. "மறுபடியும் குஷன்ல குந்தணுமா? ஒடைங்க!"

அவன் உடைத்தான். குடியிருப்பு முழுவதும் எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. அம்சவல்லியும் கை தட்டத்தான் பார்த்தாள். ஒரு கை மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்ததால், மற்றக் கையால் தொடையில் தட்டினாள்.