தறி ஓடினால் நெட்டு வரும்

வியாபாரிக்கு அனுப்பிய டிசைன் ஃபைல் பதினெட்டு சதவீதத்தில் நின்றுகொண்டு அசைய மாட்டேன் என்றது. மணி பதினொன்று. பன்னிரண்டுக்குள் வந்து சேராவிட்டால் போர்வை ஆர்டர் வேறு ஆளுக்கு என்று வியாபாரி சொல்லிவிட்டார்.

சோமனூரில் பதினாறு விசைத்தறி ஓட்டும் திருமூர்த்தி, பீளமேட்டில் வேலை பார்க்கும் மகள் தேஜஸ்ரீயை அழைத்தார். அவள் காலேஜ் காலத்து லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்திருந்தாள்.

"வைஃபை அத்து அத்துப் போகுது கண்ணு."

"கரண்ட் மிச்சம் பண்றேன்னு லேப்டாப்புல இருக்கற வைஃபை கார்டு தூங்கிருதுங்கப்பா. நான் சொல்றதை அப்படியே அடிங்க."

கறுப்புத் திரையில் ஓர் எழுத்தும் பிசகாமல் அடித்தார். ஃபைல் நகர்ந்தது. இருபது, இருபத்தைந்து...

"அவ்வளவுதானுங்கப்பா. இனி எதையும் தொடாதீங்க."

தொடாமல் இருந்தால் அவர் திருமூர்த்தியே இல்லை. பக்கத்துத் தறிக் குடோனில் இத்தனை மோட்டார் ஓடும்போது சிக்னல் எப்படி ஒழுங்காக வரும்? எட்டிப் பார்த்து, ஆளுக்கு நாலு தறி ஓட்டும் நாலு பேரில் ஒருவரிடம் நாலு தறியையும் நிறுத்தச் சொல்லிவிட்டு லேப்டாப்புக்கு ஓடிவந்தார்.

வேகம் குறைந்திருந்தது.

இன்னும் நாலை நிறுத்தினார். ஃபைல் ஊர்ந்தது. இன்னும் நாலு. மூச்சு வாங்கியது, அவருக்கும் ஃபைலுக்கும். கடைசி நாலும் நின்றபோது ஃபைல் முப்பத்தொன்றில் செத்துக் கிடந்தது.

பதினொன்றே முக்கால். பயத்தில் வியர்த்தாலும் ஆச்சரியம் அதைவிடப் பெரிதாக இருந்தது. நிறுத்த நிறுத்தக் குறைகிறது என்றால்?

"எல்லாத்தையும் ஓட்டுங்க!" என்று கத்தினார்.

பதினாறும் தடதடத்தன. ஃபைல் பாய்ந்தது. பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் போய்ச் சேர்ந்தது.

அடுத்த நொடி மகளுக்குப் போன். "அம்மணி, தறி ஓடுனா நெட்டு வருது! நானே கண்டுபுடிச்சுப்போட்டேன்!"

"அதெப்படிங்கப்பா வரும்?"

"மோட்டார்ல காந்தம் இருக்குதல்ல? அது சிக்னலை இழுக்குது. நாலு தடவை பாத்துட்டேன், நாலு தடவையும் அதேதான்!"

தண்ணீர் குடிக்க வந்த தறிக்காரி தெய்வாத்தாள் சொம்பை இறக்கி வைத்தாள்.

"ஏனுங்க மொதலாளி, தறி நின்னாத்தானுங்க நாங்க நாலு பேரும் உங்க வைஃபைல படம் பாக்க முடியும்?"