ராஸ் அல் கைமாவில் பெய்த மத்தி மழை

"தெரியாது" என்று சொல்ல எனக்கு முப்பது வயதுவரை வாய் வந்ததே இல்லை.

"பனியைப் பத்தித் தெரியுமா தம்பி?" என்றார் முதலாளி காதர் காக்கா.

"நல்லாத் தெரியும் காக்கா." (எனக்குத் தெரிந்தது சிவகங்கையில் மார்கழி விடியலில் சைக்கிள் சீட்டை நனைக்கும் பனி.)

ராஸ் அல் கைமாவில் பழைய இயந்திரங்களை வாங்கி ஏற்றுமதி செய்பவர் அவர். ஜார்ஜியாவில் ஒருவருக்கு, பனியை அள்ளி வீசும் பழைய இயந்திரம் ஒன்று வேண்டியிருந்தது. அதை நான் சோதித்து வீடியோவில் காட்ட வேண்டும். சரியாகச் செய்தால் கிளார்க் வேலை போய் இன்ஸ்பெக்டர் வேலை. கூடவே ஃபேமிலி விசா. கல்யாணமான கையோடு நான் ஊரில் விட்டு வந்த மாலதி, தினமும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூலை மாத வெயிலில் இயந்திரம் உடனே ஸ்டார்ட் ஆனது. ஆனால் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்த ஜார்ஜியாக்காரர், "எதையாவது வீசிக் காட்டுங்கள்" என்றார்.

"பரஃப் மாஃபி, பாய்!" என்று, பனிக்கு எங்கே போவது என்பதுபோல் கை விரித்தார் இயந்திரத்தை விற்கும் யார்டுக்காரர் கான் பாய். தங்கை மகன் கல்யாணத்துக்குப் போவதற்காக வெள்ளை வெளேரென்று உடுத்தியிருந்தார்.

என் மூளை வேலை செய்தது. மீன் மார்க்கெட்டுக்கு ஓடி, அவர்கள் கொட்டவிருந்த ஐஸை பிக்அப் நிறைய அள்ளி வந்து இயந்திரத்தின் முன்னால் கொட்டினேன். ஐஸுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. வீசும் குழாய் யாரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது என்றும் பார்க்கவில்லை.

லீவரை அழுத்தினேன். முதலில் ஐஸ் பறந்தது. பிறகு மத்தி. முழு மத்தி, அரை மத்தி, தலை மட்டும். எல்லாம் கான் பாய் மேல்.

"கலாஸ்! கலாஸ்!" (போதும், போதும்) என்று கத்தியபடி ஓடினார். இயந்திரமும் முன்னால் நகர்ந்தது. பிடியை விட்டால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் நானும் கூடவே ஓடினேன்.

"கையை எடுறா!" என்று போனைப் பிடித்திருந்த காக்கா அலறினார். எடுத்தேன். சட்டென்று நின்றது. (அவ்வளவுதான் விஷயம்.)

போனில் ஜார்ஜியாக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரிப்பு அடங்கியதும் கேட்டார்: "மீன் எவ்வளவு தூரம் போனது?"

மீசையில் வால் ஒட்டியிருக்க, கான் பாயே காலடி வைத்து அளந்தார். "ஏக், தோ, தீன்..." பதினான்கு! "ஏ-ஒன் மால், பாய்!" என்று போனைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார். வியாபாரம் முடிந்தது. அவர் என் சட்டையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனார். மேல் இரண்டு பட்டன் கடைசிவரை எட்டவில்லை.

எனக்கு விசாவும் கிடைத்தது, மாலதியும் வந்து சேர்ந்தாள். கதையை அவளிடம் காக்கா சொல்ல, அவள் பிறகு பிறந்த எங்கள் மகளிடம் சொல்ல, போன வாரம் மகளின் ஸ்கூலிலிருந்து டீச்சர் போன் செய்தார். பனி எப்படி இருக்கும் என்று வகுப்பில் கேட்டாராம். எங்கள் மகள் எழுந்து நின்று சொன்னாளாம்:

"மத்தி வாசனையா இருக்கும், மிஸ். எங்க அப்பாவைக் கேளுங்க."